பிரதி எடுத்தால் போதுமா?

சென்ற வருடம் இரண்டாம் தவணைப் பரீட்சைக்கு மூன்று வாரங்கள் இருந்தபோது, எங்கள் வீட்டுக் கணினி "டிக், டிக்" என்று சத்தமிடத் தொடங்கியது. மின்விசிறியில் தூசு பிடித்திருக்கும் என்று நினைத்து, நான் தொடர்ந்து வேலை செய்துகொண்டிருந்தேன். மறுநாள் காலை கணினி இயங்கவில்லை. வன்தட்டைக் காணவில்லை என்ற பொருளில் கறுப்புத் திரையில் ஓர் ஆங்கில வரி மட்டும் நின்றது.

அந்தத் தட்டில் வாப்பாவின் கடைக் கணக்கு இருந்தது. நானாவின் கம்பஸ் செயற்றிட்டமும் என் பாடக் குறிப்புகளும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, வபாத்தாகிவிட்ட எங்கள் உம்மும்மாவின் குரல் இருந்தது. அவர் பாடிய தாலாட்டுகளையும் சொன்ன கதைகளையும் 11 பதிவுகளாகக் கைபேசியில் எடுத்திருந்தேன். கைபேசி நிரம்பியதும் அவற்றைக் கணினிக்கு மாற்றிவிட்டு, கைபேசியிலிருந்து அழித்துவிட்டேன்.

உம்மாவின் முகம் வாடியதைக் கண்டு, "பயப்படாதீங்க உம்மா, நான் ரெண்டு கொப்பி எடுத்து வெச்சிருக்கேன்" என்றேன்.

உண்மைதான், இரண்டு பிரதிகள் இருந்தன. ஆனால் இரண்டும் உதவவில்லை. ஏன் உதவவில்லை என்பதுதான் இக்கட்டுரையின் பாடம்.

முதற்பிரதியை நான் கணினியின் 'டீ' பகுதியில் வைத்திருந்தேன். 'சீ', 'டீ' என்று திரையில் இரண்டாகத் தெரிந்தாலும், எங்கள் கணினியில் அவை ஒரே வன்தட்டின் இரு பகுதிகள். ஒரே பெட்டியின் இரண்டு அறைகளில் நகையைப் பிரித்து வைப்பது போன்றது இது. பெட்டியே போனால் இரண்டும் போய்விடும்.

இரண்டாம் பிரதி, நானாவின் வெளி வன்தட்டில் இருந்தது. அதைத் திறந்தபோது எல்லாப் பெயர்களும் வரிசையாகத் தெரிந்தன. மகிழ்ச்சியோடு ஒன்றைச் சொடுக்கினேன், திறக்கவில்லை. ஒவ்வொன்றின் அளவும் ஓரிரு கிலோபைற்று மட்டுமே. கணினி முகப்பில் இருந்த குறுக்குவழிகளை, கோப்புகள் என்று எண்ணிப் பிரதி செய்திருக்கிறேன்! குறுக்குவழி என்பது கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் வழிகாட்டிப் பலகை மட்டுமே. ஊர் அழிந்தபின் பலகையை வைத்து என்ன செய்வது?

வன்தட்டு பழுதாவது எப்படி? அதன் உள்ளே காந்தப் பூச்சுள்ள தட்டுகள் சுழல்கின்றன. மேசைக் கணினிகளில் பல, நிமிடத்துக்கு 7200 தடவை சுழல்பவை. தட்டைத் தொடாமல், ஒரு தூசுத் துகள்கூட நுழைய முடியாத நெருக்கத்தில், வாசிக்கும் தலைப்பகுதி அசைகிறது. அது சேதமடைந்தாலோ தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தடுமாறினாலோ 'டிக், டிக்' சத்தம் எழலாம். அச்சத்தம் கேட்டவுடன் கணினியை நிறுத்திவிட வேண்டும். நான் செய்ததுபோல் தொடர்ந்து பயன்படுத்தினால், எஞ்சிய தகவலும் உரசி அழியக்கூடும். அசையும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி. வகைத் தட்டுகளும் பழுதாகும். அவை சத்தமிட்டு எச்சரிப்பதுமில்லை.

பழுதுபார்ப்பவர், தட்டைத் தூசற்ற விசேட அறையில்தான் திறக்க வேண்டும் என்றும், செலவு கணினியின் விலையை மிஞ்சலாம் என்றும் சொன்னார். அப்போதும் எல்லாம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. குடும்பப் புகைப்படங்கள் உள்ள தட்டை வெளியே கொடுக்கவும் வாப்பாவுக்கு மனமில்லை. அது இன்றும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது.

இத்தகைய தவறு பெரிய நிறுவனங்களிலும் நடந்திருக்கிறது. 1998 இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் 'டோய் ஸ்டோரி 2' திரைப்படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, தவறாக இடப்பட்ட ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. காப்புப்பிரதியைத் தேடியபோது, அதுவும் சரியாகப் பதிவாகியிருக்கவில்லை. அங்கு பணியாற்றிய கேலின் சஸ்மன் என்ற பெண், குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தார். அவருடைய வீட்டுக் கணினியில் இருந்த பிரதியே படத்தைக் காப்பாற்றியது.

எங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்தார். கட்டாரில் வசிக்கும் சாச்சிக்கு, எப்போதோ ஒரு தாலாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அவர் அதை அழிக்காமல் வைத்திருந்தார். 11 பதிவுகளில் அந்த ஒன்று மட்டும் திரும்பி வந்தது. அதைக் கேட்டு உம்மா அழுதார். எஞ்சிய பத்தை எண்ணி நான் அழுதேன்.

கணினித் துறையில் '3-2-1' என்றொரு விதி உண்டு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ இதைப் பரவலாக்கினார். மூலத்தோடு சேர்த்து மூன்று பிரதிகள். இரண்டு வகைச் சாதனங்கள். ஒன்று வீட்டுக்கு வெளியே. நாங்கள் இப்போது செய்வது இதுதான்:

1. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின், முக்கியக் கோப்புறைகளை வெளி வன்தட்டில் பிரதி செய்கிறோம். முடிந்ததும் அதைக் கழற்றி வைக்கிறோம். எப்போதும் பொருத்தியே இருந்தால், கணினியைத் தாக்கும் வைரசு அதையும் தாக்கும்.

2. மிக முக்கியமானவற்றை இணையச் சேமிப்பில் ஏற்றுகிறோம். கூகுள் ட்ரைவ் 15 கிகாபைற்று வரை இலவசமாகத் தருகிறது. குடும்பப் படங்கள் இருப்பதால், வலுவான கடவுச்சொல்லும் இரட்டைச் சரிபார்ப்பும் அவசியம். கணினியோடு தானாக ஒத்திசையும் கோப்புறையை மட்டும் நம்பக்கூடாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும்.

3. மாதம் ஒருமுறை, நானாவின் மடிக்கணினியில் வெளித்தட்டைப் பொருத்தி, ஒரு கணக்கு, ஒரு படம், ஒரு குரற்பதிவு எனத் திறந்து பார்க்கிறோம்.

மூன்றாவதைத்தான் பலரும் மறக்கிறோம். திறந்து பார்க்காத பிரதி, பிரதி என்ற நம்பிக்கை மட்டுமே.

கணினியை மீட்டெடுப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. புதிய தட்டைப் பொருத்தி, முதலில் பணிசெயல் முறைமையை நிறுவ வேண்டும். மென்பொருட்களைப் பழைய பிரதியிலிருந்து இழுத்துப் போடாமல், புதிதாகவே நிறுவ வேண்டும். வைரசுத் தடுப்பை இயக்கிய பின்னரே கோப்புகளைக் கொண்டுவர வேண்டும். பழைய தட்டைப் பொருத்தும்போது "வடிவமைக்கவா?" என்று கணினி கேட்டால், ஒருபோதும் "ஆம்" என்று சொல்லக்கூடாது.

பனையோலை ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் படியெடுத்ததால்தான் பழந்தமிழ் நூல்கள் நம் கைக்கு வந்தன. படியெடுக்காதவை கறையானுக்குப் போயின. நம் வீட்டு ஏடுகள் இப்போது சுழலும் தட்டுகளில் இருக்கின்றன.

தோழிகளே, உங்கள் உம்மும்மாவின் குரல் எங்கே இருக்கிறது? எத்தனை இடங்களில் இருக்கிறது? இன்றே அதைத் திறந்து, ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.