இரையும் கியர்பாக்ஸ்: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

கேள்வி: டீசல் காரின் கியர்பாக்ஸ் நியூட்ரலில் இரைகிறது, கிளட்சை மிதித்தால் சத்தம் நின்றுவிடுகிறது. பெட்டியையே மாற்ற வேண்டுமா?

பதில்: நியூட்ரலில் கிளட்சை மிதிக்காத நிலையில் எஞ்சின் சுழற்சி உள்ளீட்டுத் தண்டுக்குச் செல்வதாலும், மிதித்ததும் அத்தண்டு நின்றுவிடுவதாலும், இத்தகைய இரைச்சலுக்குப் பெரும்பாலும் அத்தண்டைத் தாங்கும் பேரிங்கின் தேய்மானமே காரணமாகும். மிதிக்கும்போது மட்டும் சத்தம் எழுந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கையும், ஒரே கியரில் மட்டும் எழுந்தால் அக்கியரின் பற்களையும் ஐயுற வேண்டும். டீசல் எஞ்சினின் அதிர்வை அடக்க இரு எடைத்தட்டுகளுக்கிடையே சுருள்வில்கள் பொருத்திய இரட்டைப் பிளைவீல் சில கார்களில் உண்டு. அது தளர்ந்தால் எழும் கடகடப்பு கியர்பாக்ஸின் குறையாகவே கேட்குமாதலால், பெட்டியைப் பிரிக்குமுன் அதைச் சோதிப்பது இன்றியமையாதது.

அடுத்து, ஆயிலை வடித்துப் பார்க்க வேண்டும். வடிதிருகின் காந்தத்தில் சாம்பல்நிற மாவு போன்ற படிவு இருப்பது இயல்பு. விரலுக்குத் தட்டுப்படும் இரும்புச் சில்லுகள் இருப்பின் பற்களோ பேரிங்கோ உடைந்துள்ளன எனலாம். பற்கள் நன்றாக இருந்தால் எல்லாப் பேரிங்குகளையும் சீல்களையும் ஒருசேர மாற்றுவதே சிக்கனம். உறையிலேயே விரிசல் இருந்தால் மாற்றுப்பெட்டி தேவை. பழைய பெட்டி வாங்குவோர் அதன் குறியீட்டெண்ணும் இறுதிப் பல்விகிதமும் பொருந்துவதைச் சரிபார்க்க வேண்டும். கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தை மறைப்பது தேய்மானத்தை நிறுத்தாது. அதைப் பரிந்துரைக்கும் பட்டறையை நம்பலாகாது. பெட்டி எவ்வாறாயினும் இறக்கப்படுவதால், கிளட்ச் தட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் அப்போதே மாற்றிவிடுவது இரண்டாம் முறைக் கூலியைத் தவிர்க்கும்.