சுவர் கட்டும்போது நீங்களும் கவனியுங்கள்

வீட்டுக்கான உதவித்தொகை பொதுவாக ஒருமுறைதான் கிடைக்கும். வெடித்த சுவரை இடித்துக் கட்ட இன்னொரு தொகை வராது. ஆகவே சுவர் மேசனின் வேலை என்று விட்டுவிடாமல், கீழ்வருவனவற்றை நீங்களும் பாருங்கள். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களும் இவற்றைத் தாமே சரிபார்க்கலாம்.

1. கல்
புதிதாக அரிந்த சீமெந்துக் கல்லை உடனே கட்ட வேண்டாம். நிழலில் வைத்து, குறைந்தது 7 நாட்கள் தண்ணீர் தெளித்து, பின் உலரவிட்டுப் பாவியுங்கள். வாங்கும் கல்லின் ஓரத்தை ஆணியால் கீறிப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் வாங்காதீர்கள்.

2. மணல்
கடற்கரை மணல் வேண்டாம். அதிலுள்ள உப்பால் பூச்சு கழரும், கம்பி துருப்பிடிக்கும். மணலுக்கோ பழைய கல்லுக்கோ, கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத காணிக்குள் போகவே வேண்டாம்.

3. கலவை
ஒரு வாளி சீமெந்துக்கு அதே வாளியால் 5 வாளி மணல். மண்வெட்டிக் கணக்கு ஏறி இறங்கும். முதலில் தண்ணீர் விடாமல் ஒரே நிறமாகும்வரை கலக்க வேண்டும். தண்ணீர் விட்ட கலவையை ஒரு மணித்தியாலத்துக்குள் முடியுங்கள். இறுகியதற்கு மீண்டும் தண்ணீர் விட்டுக் கட்டினால் பிடிக்காது.

4. மூலை
மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் அளந்து புள்ளியிடுங்கள். இரண்டு புள்ளிக்கும் இடையே சரியாக 5 அடி இருந்தால் மூலை நேர்.

5. கட்டுதல்
ஒவ்வொரு வரிக்கும் நூல் பிடிக்க வேண்டும். கீழ் வரியின் இணைப்பு, மேல் கல்லின் நடுவில் வர வேண்டும். இணைப்பு அரை அங்குலத்துக்கு மேல் தடிக்கக் கூடாது. நிலைக்குத்தான இணைப்புகளையும் கலவையால் நிரப்பச் சொல்லுங்கள். மூன்று வரிக்கு ஒருமுறை தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். ஒரே நாளில் 4 அடிக்கு மேல் உயர்த்த வேண்டாம்.

6. தண்ணீர்
கட்டிய சுவரை 7 நாட்கள் காலையும் மாலையும் நனையுங்கள். தண்ணீர் குறைவான இடங்களில் ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். இதைச் செய்யாத சுவர், நல்ல சீமெந்தில் கட்டியிருந்தாலும் பலம் பெறாது.

பூச்சு பூசினால் பிழைகள் மறைந்துவிடும். எனவே பூசுவதற்கு முன், இணைப்புகளை ஆணியால் கீறிப் பாருங்கள். கலவை உதிர்ந்தாலோ சுவர் சரிந்திருந்தாலோ, வேலையை நிறுத்தித் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். மேசனுக்குரிய மிகுதிக் கூலியை அதன் பின்னரே கொடுங்கள்.