நிமிஷத்துக்கு எத்தனை மிதி?

கியர் சைக்கிள் வாங்கின பல பேர் கியரை மாத்துறதே இல்ல. பின்னாடி இருக்கிற சின்னப் பல்சக்கரத்துல செயினைப் போட்டு, அழுத்தி மிதிச்சாதான் வேகம்னு ஒரு நம்பிக்கை. கொஞ்ச நாள்ல முட்டி வலி, அப்புறம் சைக்கிள் ஹாஸ்டல் ஷெட்டில் தூசி பிடிக்கும்.

பெடல் ஒரு நிமிடத்தில் சுற்றும் முழுச் சுற்றுகளின் எண்ணிக்கைதான் கேடன்ஸ். முதல் வருஷ மெக்கானிக்ஸ் ஞாபகம் இருக்கா? பவர் = டார்க் × கோண வேகம். முன்னாடி 42 பல், பின்னாடி 14 பல் வைத்து நிமிடத்துக்கு 50 சுற்று மிதிக்கிறீங்க. சுமார் 19 கி.மீ. வேகம். அதுக்கு 100 வாட் தேவைன்னு வெச்சுக்குவோம். 170 மி.மீ. கிராங்க் என்றால் பெடல் மேல் சராசரியாக 112 நியூட்டன் விசை, அதாவது 11 கிலோவுக்கு மேல். பின்னாடி 22 பல்லுக்கு மாத்துங்க. அதே வேகத்துக்கு இப்போ 79 சுற்று வேணும், ஆனால் விசை 71 நியூட்டன்தான். வேகம் குறையல, முட்டிக்கு பாரம் மட்டும் குறைஞ்சிருக்கு.

அப்போ 120 சுத்தலாமே? கூடாது. காலைத் தூக்கி இறக்கவே சக்தி செலவாகும், சீட்டில் உடம்பு குதிக்க ஆரம்பிக்கும். மெதுவான பயணத்தில் ஆக்சிஜன் குறைவாகச் செலவாவது 60 பக்கத்தில்தான். பவர் கூடக் கூட அந்த எண்ணும் மேலே போகும். 1972-ல் மெக்சிகோ சிட்டியில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டினார். 52-க்கு 14 பல், ஒரே கியர். கணக்குப் போட்டுப் பாருங்க, நிமிடத்துக்கு நூறைத் தாண்டும். அவர் கால் வேற, நம்ம கால் வேற! நமக்கு 70-லிருந்து 85 போதும்.

உங்க எண்ணைக் கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம். ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில் வலது முட்டி மேலே வருவதை 15 வினாடி எண்ணி, நாலால் பெருக்குங்க. தொடை எரிந்தால் கியரை இறக்குங்க; மூச்சு முதலில் வாங்கினால் ஏத்துங்க. அதுக்கு முன்னாடி சீட் உயரத்தைப் பாருங்க: பெடல் கீழே இருக்கும்போது முட்டி லேசாத்தான் மடங்கணும்.

மேம்பாலம் வந்தா ஏறுறதுக்கு முன்னாடியே கியரை இறக்கிடுங்க. பாதி ஏத்தத்தில், முழு விசையில் மாத்தினா செயின் கடகடன்னு கத்தும், சில நேரம் கழண்டே போகும்.