காளிகாட்டின் டிராமும் சுரங்க ரயிலும்: சாதக பாதகங்களைச் சீர்தூக்கும் முறை

பொதுமக்கள் அன்றாடம் உபயோகிக்கும் ஒரு விஞ்ஞான சாதனம் நல்லதா, தீயதா என்று கேட்பது எளிது. அதற்கு முறையாக விடை காண்பது எளிதன்று. கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள காளிகாட் இதற்கு நல்லதொரு பாடமாக அமைகிறது. காளி கோயிலால் பெயர் பெற்ற இப்பகுதிக்கு முதலில் தரைமேல் மின்சார டிராமும், பின்னர் தரைக்கடியில் ரயிலும் வந்தன.

வரலாறு

கொல்கத்தாவில் 1873-ல் குதிரைகள் இழுத்த டிராம் முதன்முதலாக ஓடியது. 1902-ல் மின்சாரம் குதிரைகளின் இடத்தைப் பெற்றது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் எஸ்பிளனேடிலிருந்து கிதிர்ப்பூருக்கும், ஜூன் மாதத்தில் காளிகாட்டுக்கும் மின்சார டிராம் விடப்பட்டது. சென்னையில் 1895-ல் தொடங்கிய மின்சார டிராம் 1953-ல் நின்றது. டில்லியிலும் பம்பாயிலும் 1960-களில் நின்றது. கொல்கத்தாவில் மட்டும் அது நிலைத்தது. இந்தியாவின் முதல் சுரங்க ரயிலும் இந்நகரிலேயே, 1984 அக்டோபர் 24-ந் தேதி தொடங்கியது. 1986 ஏப்ரலில் அது டாலிகஞ்ச் வரை நீண்டபோது காளிகாட் நிலையம் திறக்கப்பட்டது.

இரண்டின் இயல்பு

டிராமின் எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மீது உருள்வதால் உருளும் தடை மிகக் குறைவு. ஆகவே ரப்பர் சக்கர வண்டியைவிடக் குறைந்த சக்தியில் அதிகப் பேரைச் சுமக்க இயலும். தலைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து 550 வோல்ட் நேர் மின்னோட்டத்தைப் பெறுவதால் தெருவில் புகை உண்டாவதில்லை. முதியோரும் படி பல இறங்காமல் தெருவிலேயே ஏறிக்கொள்ளலாம்.

ஆனால் வழுவழுப்பான எஃகின் இதே இயல்பினால் பிரேக் போட்டதும் வண்டி உடனே நிற்பதில்லை. தண்டவாளத்தை விட்டு விலகவும் அதற்கு இயலாது. முன்வண்டி பழுதுற்றால் பின்வருவன யாவும் நிற்க வேண்டும். வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாஸ் 1954 அக்டோபரில் காளிகாட்டுக்கு அண்மையிலுள்ள ராஷ்பிஹாரி அவென்யூவில் டிராம் மோதி, சில நாட்களில் உயிர் நீத்தார் என்பதை மறக்கலாகாது.

சுரங்க ரயில், பாதையோரம் அமைந்த மூன்றாவது தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் மின்சாரம் பெறுகிறது. அதன் வழியில் குறுக்கிடும் வாகனம் ஏதுமில்லை. எனவே வேகமும் நேர ஒழுங்கும் கைகூடுகின்றன. எனினும் காற்றோட்டம், நீர் இறைப்பு, விளக்கு ஆகியவற்றுக்கு இடையறாது மின்சாரம் செலவாகிறது. அமைக்கும் செலவோ மிகப் பெரிது. எஸ்பிளனேடுக்கும் டாலிகஞ்சுக்கும் இடைப்பட்ட வீதிகள் ஆண்டுக்கணக்கில் தோண்டிக் கிடந்தன. அண்மையில், 2019 ஆகஸ்டு இறுதியில், வேறொரு பாதைக்காகப் பவுபஜாரில் துளையிட்டபோது நிலத்தடி நீர் புகுந்து மண் சரிந்தது. பல வீடுகள் சேதமுற்று, குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது.

குறை எங்கே உள்ளது?

சாதனத்தின் குறை வேறு, அதனை நடத்தும் ஏற்பாட்டின் குறை வேறு. டிராம் மெதுவாகச் செல்கிறது என்பது பொதுவான குறைகூறல். மின்மோட்டாருக்கு வேகம் இல்லாமலில்லை. டிராமுக்கெனச் சாலை நடுவே ஒதுக்கப்பட்டிருந்த சில தடங்கள் பின்னர் மற்ற வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டன. டிராம் அவற்றின் பின்னே காத்து நின்றது. பிரேக் பிடிக்கத் தேவையான தூரம் சாதனத்தின் குறை. நெரிசலில் காத்து நிற்பது ஏற்பாட்டின் குறை. முன்னதற்குச் சாதனத்தைத் திருத்த வேண்டும். பின்னதற்கு ஏற்பாட்டை மாற்றினால் போதும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் ஒரு சாதனத்தைக் கைவிடுவது, கிணற்றுக் கயிறு அறுந்ததற்காகக் கிணற்றையே தூர்ப்பதை ஒக்கும்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2024 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு, போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டி, எஸ்பிளனேடு–மைதானப் பாதை ஒன்றைத் தவிர மற்ற டிராம்களை நிறுத்தப் போவதாக அறிவித்தது.

அளக்கும் முறை

வேகத்தை மட்டும் அளந்தால் தவறு நேரும். ஒருவர் சுரங்க ரயிலில் 6 நிமிஷம் பயணம் செய்கிறார் எனக் கொள்வோம். நிலையத்துக்கு நடக்க 7, படியிறங்கிச் சீட்டுப் பெற 4, காத்திருக்க 4, மேலேறி வெளிவர 3 நிமிஷம் ஆயின், மொத்தம் 24 நிமிஷம். வாசலருகே ஏறி, 5 நிமிஷம் காத்து, 18 நிமிஷம் செல்லும் டிராம் 23 நிமிஷத்தில் கொண்டு சேர்க்கும். தூரம் அதிகமாகும்போது சுரங்க ரயிலே முந்தும். ஆகவே குறுந்தூரத்துக்கு ஒன்றும் நெடுந்தூரத்துக்கு மற்றொன்றும் ஏற்றவை எனலாம்.

எந்தச் சாதனத்தை ஆராயும்போதும் மூன்று கேள்விகளை எழுப்புதல் நலம். நன்மை யாருக்கு, சங்கடம் யாருக்கு? அவை எவ்வளவு காலம் நீடிக்கும்? இச்சாதனம் நீங்கினால் அவ்விடத்தை எது நிரப்பும்? சுரங்க ரயிலின் நன்மை நகர் முழுவதற்கும் நெடுங்காலம் கிட்டுகிறது; தோண்டும் காலத்துச் சங்கடமோ அவ்வீதியில் வாழ்வோர்மேல் விழுகிறது. டிராம் நீங்கினால் நெடுந்தூரப் பயணிக்குக் குறைவில்லை. இரண்டு நிறுத்தம் செல்லும் முதியவருக்கே குறை.

பயிற்சி

ஆசிரியர்கள் தம் ஊரிலுள்ள ஏதேனும் ஒரு பொதுச் சாதனத்தை, அதாவது நகரப் பஸ்ஸையோ குடிநீர்க் குழாயையோ கைப்பேசிவழிப் பணப் பரிமாற்றத்தையோ, எடுத்துக்கொண்டு மாணவர்களைக் கொண்டு நான்கு பத்திகளுள்ள அட்டவணை தயாரிக்கச் செய்யலாம்: நன்மை, பெறுவோர், சங்கடம், படுவோர். ஒவ்வொரு சங்கடத்துக்கும் எதிரே ‘சாதனம்’ அல்லது ‘ஏற்பாடு’ எனக் குறிக்கச் சொல்லுதல் வேண்டும். களப் பணியாளர்கள் கிராமங்களில் புதிய கருவியை அறிமுகம் செய்யுமுன் இதே அட்டவணையை நிரப்பிப் பார்ப்பது பயன் தரும். இரண்டாம் பத்தியிலும் நான்காம் பத்தியிலும் வெவ்வேறு மக்கள் இடம்பெறுவார்களாயின், முடிவு கூறுமுன் நான்காம் பத்தியில் உள்ளோரையும் கேட்டறிதல் அவசியம்.