பழைய கம்ப்யூட்டருக்குப் புதிய இயங்குதளம்: பென் டிரைவ் தயாரிக்கும் முறை

நம் கடைகளில் பில் போடவும், இருப்புப் பார்க்கவும், ஜிஎஸ்டி தாக்கல் செய்யவும் பயன்படும் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கியவை. அவற்றில் ஓடுவது விண்டோஸ் 10. இந்த விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய பிராசஸரும் வேண்டும். இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இயந்திரங்களில் பெரும்பாலானவை இதில் தேறுவதில்லை.

"இப்போதும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, ஓடட்டும்" என்று நம்மில் பலர் இருக்கிறோம். 2017 மே மாதம் வானாகிரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களைப் பூட்டி, திறக்க 300 டாலர் கேட்டதை நினைவில் கொள்ள வேண்டும். அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு அதே ஆண்டு மார்ச் மாதமே வந்துவிட்டது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள்; போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இனிப் புதுப்பிப்பே வராத இயந்திரத்தில் நம் பேரேட்டை வைத்திருப்பது, கதவைத் தாழிடாமல் கல்லாவை விட்டுச் செல்வதற்குச் சமம்.

நல்ல நிலையில் உள்ள இயந்திரத்தைத் தூக்கிப் போடவும் மனம் வராது. இதற்கு ஒரு வழி லினக்ஸ். 1991-ல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. இன்று யாரும் விலையின்றி இறக்கிக்கொள்ளலாம், எத்தனை கம்ப்யூட்டரிலும் போடலாம். நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் வெளியிட்ட பாஸ் என்பதும் லினக்ஸ் வகைதான். புதிதாகத் தொடங்குவோருக்கு லினக்ஸ் மிண்ட் என்ற வகையை நாங்கள் பரிந்துரைக்கிறோம். முகப்பு விண்டோஸ் போலவே இருப்பதால் கடைப் பையன்கள் விரைவில் பழகிவிடுவார்கள். இதன் 22-ஆம் வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு. குறைந்தது 2 ஜிபி ராம், வசதியாக ஓட 4 ஜிபி, வட்டில் 20 ஜிபி இடம் இருந்தால் போதும்.

முதலில் யோசிக்க வேண்டியது

டாலி விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டது. வேறு பல பில்லிங் மென்பொருள்களும் அப்படியே. ஆகவே டாலி வைத்திருப்பவர்கள் அந்த ஒரு இயந்திரத்தை விண்டோஸ் 11 ஓடும் புதியதாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை மட்டும் லினக்ஸுக்கு மாற்றுவது புத்திசாலித்தனம். பிரவுசரில் செய்யும் வேலைகள், அதாவது ஜிஎஸ்டி இணையதளம், வங்கி, மின்னஞ்சல், இணையவழி பில்லிங் ஆகியவை லினக்ஸிலும் நடக்கும். எக்செல் கோப்புகளைத் திறக்க லிப்ரே ஆபீஸ் கூடவே வருகிறது. டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்தும் கம்பெனிகள், அது லினக்ஸில் வேலை செய்யுமா என்று டோக்கன் கொடுத்தவரிடம் கேட்டுக்கொண்டு இறங்க வேண்டும். செல்போனுக்கு வரும் ஓடிபி கொண்டு தாக்கல் செய்யும் தனி உரிமையாளர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பூட் பென் டிரைவ் என்றால் என்ன?

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், அது முதலில் இயங்குதளம் எங்கே இருக்கிறது என்று தேடும். வழக்கமாக உள்ளே இருக்கும் வட்டில் தேடும். நாம் சொன்னால் பென் டிரைவிலும் தேடும். அப்படித் தேடும்போது கிடைக்கும்படி இயங்குதளத்தை முறையாக எழுதி வைத்த பென் டிரைவே பூட் பென் டிரைவ்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். இணையத்திலிருந்து இறங்குவது ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பு. அது கட்டிய சிப்பம் மாதிரி. அதை அப்படியே பென் டிரைவுக்குள் காப்பி செய்தால் சிப்பம் கட்டியபடியே கிடக்கும். கம்ப்யூட்டர் அதைத் தொடாது. சிப்பத்தைப் பிரித்து, அடுக்கி, தொடங்குமிடத்தைக் குறித்து வைக்க ஒரு தனிச் செயலி வேண்டும். விண்டோஸில் அதற்கு ரூஃபஸ் என்ற சிறிய இலவசச் செயலி உள்ளது.

தயாரிக்கும் முறை

1. 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளவும். அதில் உள்ளவை எல்லாம் அழிந்துவிடும். எனவே காலியானதைப் பயன்படுத்தவும்.

2. லினக்ஸ் மிண்டின் சொந்த இணையதளத்திலிருந்தே ஐஎஸ்ஓ கோப்பை இறக்கவும். சுமார் 3 ஜிபி இருக்கும். பழைய இயந்திரமானால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை எடுக்கவும். ரூஃபஸையும் அதன் சொந்த தளத்திலிருந்தே எடுக்கவும்.

3. வந்த சரக்கை எடை போடாமல் நாம் இறக்குவதில்லை. கோப்புக்கும் அப்படி ஓர் எடை உண்டு. எஸ்எச்ஏ256 என்ற நீண்ட சரிபார்ப்பு எண்ணை மிண்ட் தளம் வெளியிடுகிறது. ரூஃபஸில் ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்தபின், அதன் அருகே உள்ள டிக் குறியை அழுத்தினால் நம் கோப்பின் எண் வரும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒத்துவராவிட்டால் கோப்பை அழித்து மறுபடி இறக்கவும். இது வீண் வேலை அல்ல. 2016 பிப்ரவரியில் மிண்டின் இணையதளத்துக்குள்ளேயே திருடர்கள் புகுந்து, கள்ளக் கோப்புக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். அன்று எண்ணைச் சரியான பட்டியலோடு ஒப்பிட்டவர்கள் கலப்படத்தைக் கண்டுகொள்ள முடிந்தது.

4. ரூஃபஸில் மேலே 'டிவைஸ்' என்ற இடத்தில் சரியான பென் டிரைவ்தானா என்று கொள்ளளவைப் பார்த்து உறுதி செய்யவும். வேறு பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் எதுவும் செருகியிருக்க வேண்டாம், கழற்றி வைத்துவிடவும்.

5. 'பார்டிஷன் ஸ்கீம்' என்பதில் எம்பிஆர் என்று வைத்தால் பழைய, புதிய இரு வகை இயந்திரங்களுக்கும் பொருந்தும். 'ஸ்டார்ட்' அழுத்தவும். ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா என்று கேட்டால் முதலாவதையே வைக்கவும். எல்லாம் அழியும் என்ற எச்சரிக்கைக்குச் சம்மதம் கொடுத்ததும் எழுதத் தொடங்கும். பச்சைக் கோடு நிறைந்து 'ரெடி' என்று வரும்வரை பிடுங்கக்கூடாது.

நிறுவும் முன் ஓட்டிப் பார்த்தல்

இந்த முறையின் பெரிய நன்மை, வட்டைத் தொடாமலே மாதிரி பார்க்கலாம் என்பது. பென் டிரைவைச் செருகி, கம்ப்யூட்டரை ஆன் செய்த உடனே பூட் மெனு விசையை அழுத்தவும். டெல், லெனோவா, ஏசர் இயந்திரங்களில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. பென் டிரைவின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் மிண்ட் திரையில் வந்துவிடும். அணைத்துவிட்டுப் பென் டிரைவை எடுத்தால் பழையபடி விண்டோஸ் வரும்.

இந்த நிலையிலேயே ஒரு மணி நேரம் செலவிடுங்கள். இணையம் வருகிறதா? ஜிஎஸ்டி தளமும் வங்கித் தளமும் திறக்கின்றனவா? பார்கோடு ஸ்கேனர் பெரும்பாலும் கீபோர்டு போலவே வேலை செய்யும். எழுதும் பக்கம் ஒன்றைத் திறந்து ஒரு சோப்புக் கட்டியை ஸ்கேன் செய்தால் எண் விழ வேண்டும். தெர்மல் பிரிண்டரில் ஒரு பில் அடித்துப் பாருங்கள். வராவிட்டால், அந்தக் கம்பெனி லினக்ஸுக்கான டிரைவர் தருகிறதா என்று விசாரியுங்கள். கம்ப்யூட்டரோடு இணைத்த எலெக்ட்ரானிக் தராசு இருந்தால் அதையும் சோதியுங்கள். ஒன்று சரிவராவிட்டாலும் நமக்கு நட்டமில்லை. விண்டோஸ் அப்படியேதான் இருக்கிறது.

நிறுவுதல்: அழியக்கூடியது எது?

திருப்தியான பிறகே திரையில் உள்ள 'இன்ஸ்டால்' படத்தை அழுத்த வேண்டும். அதற்கு முன் கணக்குகள் இரண்டு பிரதிகளாக வெளியே வந்துவிட வேண்டும். ஒன்று வெளி ஹார்ட் டிஸ்கில், மற்றொன்று வீட்டில் அல்லது ஆடிட்டரிடம். ஜிஎஸ்டி சட்டப்படி ஒரு ஆண்டின் கணக்குகளை, அந்த ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் மாற்றினோம், அழிந்துவிட்டது என்று அதிகாரியிடம் சொல்ல முடியாது. வாடிக்கையாளர் பற்று வரவோ அதைவிட மேல். அழிந்த கடனை யாரிடம் போய்க் கேட்பது? எடுத்த பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பார்க்கவும். திறக்காத பிரதி, பிரதி அல்ல.

நிறுவும்போது ஓரிடத்தில் இரண்டு வழிகள் காட்டும். 'இன்ஸ்டால் அலாங்சைட்' என்பது விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் இடம் பிடிப்பது. 'இரேஸ் டிஸ்க்' என்பது வட்டை முழுவதும் துடைத்துவிடுவது. இங்கே அவசரம் ஆகாது. வெளியாள் ஒருவரை வைத்துச் செய்தாலும், இந்தத் திரை வரும்போது முதலாளி பக்கத்தில் இருக்க வேண்டும். நிறுவி முடிந்து 'ரீஸ்டார்ட்' கேட்கும்போது பென் டிரைவை எடுத்துவிடவும்.

சில குறிப்புகள்

திருட்டு விண்டோஸ் போட்டுத் தருகிறோம் என்பவரைக் கடைக்குள் விடவேண்டாம். பூட்டை உடைத்த கையில் என்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று தெரியாது. தயாரித்த பென் டிரைவை, பெயர் எழுதி, கல்லாப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். என்றாவது வட்டில் இயங்குதளம் மட்டும் கெட்டுப்போனால், அதே பென் டிரைவில் திறந்து உள்ளே உள்ள கோப்புகளை வெளியே எடுக்க உதவும். மாற்றும் வேலையை மாதக் கடைசியிலோ, தாக்கல் தேதி நெருங்கும்போதோ, தீபாவளி, பொங்கல் சரக்கு நேரத்திலோ வைக்க வேண்டாம். கடை விடுமுறை நாளில், முதலில் முக்கியமில்லாத ஒரு இயந்திரத்தில் தொடங்குங்கள். ஒரு மாதம் குறையில்லாமல் ஓடினால், மற்றவற்றை ஒவ்வொன்றாக மாற்றலாம்.