தேவையற்ற மருந்தும் ஊராட்சியின் கடமையும்

எண்ணூர், திருவொற்றியூர் ஆலைப் பகுதியை அடுத்துள்ள மீஞ்சூர் ஒன்றியத்துச் சிற்றூர்களில் உழவரும் மீனவரும் ஆலைத் தொழிலாளரும் கலந்து வாழ்கின்றனர். வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களின் சாம்பலும், சரக்கு வண்டிகள் எழுப்பும் புழுதியும் கலந்த காற்றைச் சுவாசிக்கும் இவ்வூர்க் குழந்தைகளுக்கு இருமல் புதிதன்று. இருமல் கண்டதும் ஒரு புட்டி மருந்து வாங்கிப் புகட்டுவது வழக்கமாகிவிட்டது. நாட்கூலியில் பெரும்பகுதி இவ்வாறு செலவாவதை வீடுகளில் நேரிற் கண்டிருக்கிறேன். இச்செலவால் விளையும் நன்மை யாது?

சாதாரணச் சளியும் இருமலும் பெரும்பாலும் வைரஸ் கிருமிகளால் வருவன. ஓரிரு வாரங்களில் உடலே அவற்றை வென்றுவிடும். இருமல் மருந்து குழந்தைகளுக்கு இதில் பெரிதும் துணைசெய்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை. புழுதியால் வரும் இருமலோ, புழுதி குறையாதவரை புட்டி மருந்தால் தீராது. ஆன்டிபயாடிக் மருந்துகள் வைரஸைக் கொல்லா. அவற்றை வீணே உட்கொண்டால், மெய்யான தேவை நேரும்போது அவை பலிக்காமற் போகும்.

பயன் மிகுந்த மருந்தில் சிறு இடரை ஏற்கலாம்; பயன் இல்லாத மருந்தில் இடர் மட்டுமே மிஞ்சும். 2025-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில் ‘கோல்ட்ரிஃப்’ என்னும் இருமல் மருந்தை அருந்திய இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டு அரசின் சோதனையில் அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு கண்டறியப்பட்டது. நஞ்சு கலந்தது தயாரித்தோர் குற்றம். ஆயினும், சாதாரணச் சளி, காய்ச்சலுக்காகக் கொடுக்கப்பட்ட மருந்து அது என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கூடாது; ஐந்து வயது வரையிலும் பொதுவாகப் பரிந்துரைக்கத் தக்கதன்று என மத்திய அரசு 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. பல மருந்துகளைக் காரணமின்றி ஒன்றாகக் கலந்த கூட்டு மருந்துகளுள் 328 வகைகள் 2018-இலும், 156 வகைகள் 2024-இலும் தடை செய்யப்பட்டன.

இனி நாம் செய்யத் தக்கவை:

1. மருத்துவரிடம், “இம்மருந்து எதற்கு? இல்லாமலே குணமாகுமா?” என்று பணிவுடன் கேளுங்கள். ஊசி போடுமாறு நாமே வற்புறுத்துதல் ஆகாது.

2. சளிக்கு வெந்நீரும் ஓய்வும் தருக. ஒரு வயது கடந்த குழந்தைக்குச் சிறிது தேன் தரலாம். அதற்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது.

3. வயிற்றுப்போக்கிற்கு உப்புச் சர்க்கரைக் கரைசலே முதல் மருந்து. அதனுடன் துத்தநாக மாத்திரையைச் சுகாதார நிலையத்தில் பெறுக.

4. குழந்தை மூச்சு வாங்கினாலும், நெஞ்சு உட்குழிந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்க. இரண்டு வாரம் கடந்த இருமலுக்குக் காசநோய்ச் சோதனை இன்றியமையாதது.

1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், இன்றியமையாத மருந்துகளைப் பட்டியலிட்டு வாங்கி அரசு மருத்துவ நிலையங்களுக்கு வழங்கி வருகிறது. அங்கே அவை இலவசம். ஆதலின், ஊராட்சி அன்பர்கள் கிராமச் செவிலியரைக் கிராம சபைக்கு அழைத்து, இச்செய்திகளைத் தாய்மாருக்கு விளக்கச் செய்க. சாலையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்குவதும், சரக்கு வண்டிகளைத் தார்ப்பாயால் மூடச் செய்வதும் பல புட்டி மருந்துகளினும் மேலான தொண்டாகும்.