எந்த ஊர் கோர்ட்டு?

தாயி, காரியாபட்டியில் வக்கீலாக உட்காரப் போகிறாய். பட்டாசுக் கடைக்காரரும் அச்சகத்துக்காரரும் பில்லும் கையுமாக வருவார்கள். 'வழக்குகள் சிவகாசி நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை' என்றோ, வடக்கே ஓர் ஊரின் பேரோ அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அந்த ஒற்றை வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் ஆளைக் கேள், அப்புறம் தாளைப் படி. ஆர்டர் எங்கே கொடுத்தார், சரக்கு எங்கே இறங்கியது, பணம் எங்கே தரவேண்டும், எதிராளி எங்கே தொழில் செய்கிறார்? உரிமையியல் நடைமுறைச் சட்டம் 20ஆம் பிரிவுக்கு வேண்டியவை இவைதான். தொடர்பே இல்லாத ஊருக்கு, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டாலும் அதிகாரம் வராது; 1971இல் ஹக்கம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அதிகாரமுள்ள ஊர்களுக்குள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம், அவ்வளவுதான். ஊர் தெரியாமல் வண்டி கட்டாதே.

2. பெரிய கம்பெனியின் பேரைப் பார்த்து மலைக்காதே. பட்டேல் ரோட்வேஸ் என்ற சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி தன் போடிநாயக்கனூர் கிளையில் ஏற்றிச்சென்ற ஏலக்காய் டெல்லிக் கிடங்கில் தீயில் சேதமானது. ரசீதில் பம்பாய் கோர்ட்டு என்று இருந்தும், வியாபாரி பெரியகுளத்தில் வழக்குப் போட்டார். வழக்குமூலம் எழுந்த ஊரிலேயே கிளை இருக்கும்போது, தலைமை அலுவலகம் இருக்கிறது என்பதற்காக மட்டும் பம்பாய்க்கு அதிகாரம் இல்லை என்று 1991இல் தீர்ப்பானது. நம் பக்கத்து ஊர் வியாபாரி உச்ச நீதிமன்றம் வரை நின்று ஜெயித்தார், தாயி. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது.

3. பாதி உண்மை சொல்லி பீஸ் வாங்காதே. 1989இல் ஏ.பி.சி. லாமினார்ட் வழக்கில், குஜராத்தின் கைரா எல்லை என்ற வரியில் 'மட்டும்' போன்ற சொல் இல்லாததால் சேலத்து வழக்கு சேலத்திலேயே நடக்கலாம் என்றார்கள். 2013இல் ஸ்வஸ்திக் கேசஸ் வழக்கில் 'மட்டும்' இல்லாமலே கொல்கத்தாதான் என்று முடிந்தது. ஓர் ஊரைக் குறித்தாலே மற்றவற்றை விலக்கும் எண்ணம் தெரிகிறது என்பது காரணம். என் சீனியர் கட்சிக்காரருக்கு எதிரான தீர்ப்பைத்தான் முதலில் மேசையில் விரிப்பார். அதைப் பார்த்துவிட்டு எழுந்துபோனவர்களும் உண்டு. பிறகு அவர்களே சொந்தக்காரர்களை அழைத்துக்கொண்டு வந்தார்கள்.

4. பில்லில் அச்சடித்திருப்பதெல்லாம் ஒப்பந்தம் ஆகிவிடாது. இரு தரப்பும் ஏற்றதா என்று கேள்.

5. எல்லை பற்றிய ஆட்சேபணையை ஒளித்துவைத்துக் கடைசியில் வீசலாம் என்று நினைக்காதே. எழுவினாக்கள் வனைவதற்கு முன், முதல் வாய்ப்பிலேயே எழுப்பவேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. தவறான கோர்ட்டில் போட்டால் பிராது திரும்பி வரும். நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும் நடத்தியிருந்தால்தான் அங்கே கழிந்த காலத்தைக் காலவரையறைச் சட்டம் 14ஆம் பிரிவில் கழித்துத் தருவார்கள்.

6. நீயே ஒப்பந்தம் எழுதும் நாளும் வரும். நியாயமான பாக்கி இருந்தும், தூரத்து ஊருக்கு ரயிலையும் லாட்ஜையும் கணக்குப் போட்டுப் பார்த்து வழக்கையே விட்டுவிட்ட சிறுகடைக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஊரைக் குறிக்கும் அந்த வரியைப் பொடி எழுத்தில் வைக்காதே. கையெழுத்துப் போடுகிறவருக்குத் தமிழில் உரக்கப் படித்துக்காட்டி, வழக்கு வந்தால் எத்தனை மைல் போகவேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிடு.